முதுகு வீங்கிய போனோடு தாயில்பட்டிக்கு

மலருக்கும் அன்புக்கும் அப்பா எழுதுவது. தாயில்பட்டியிலிருந்து திரும்பிய அன்றைக்கு நீங்கள் இருவரும் என் பையைத்தான் முதலில் பிடுங்கினீர்கள். "போன் எங்கப்பா?" என்றீர்கள். "போயிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்ளட்டும்.

அது வெறும் போன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கம்ப்யூட்டர் கெட்டுப்போன பிறகு, அதுதான் நமக்குக் கம்ப்யூட்டர். ஒரு வயரைப் போட்டு டிவியில் மாட்டி, பழைய கீபோர்டை இணைத்து, அதில்தான் அப்பா ஃபிளெக்ஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்தேன். நான் எழுந்தால் மலர் பாடத்துக்கு உட்காருவாள். அவள் எழுந்தால் அன்பு. சார்ஜர் அதன் உடம்பிலிருந்து கழன்ற நேரமே கிடையாது. சூடானால் ஃபேனைத் திருப்பி வைத்தோம். காய்ச்சல்காரனுக்குச் செய்வதுபோல ஈரத்துணியால் ஒற்றிக்கூட எடுத்திருக்கிறேன்.

அதன் முதுகு வீங்கியதை முதலில் பார்த்தது அன்புதான். மேஜைமேல் வைத்துத் தட்டினால் சுற்றுகிறது என்று கைகொட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரரிடம் கொண்டு போனேன். "பேட்டரி ஊதிருச்சு. கழட்டுறப்ப மொத்தமா போனாலும் போகும். உள்ள இருக்கறத வேற எதுலயாவது ஏத்திட்டு வாங்க" என்றார். வேறு எது இருக்கிறது நம்மிடம்?

அந்த நேரம் பார்த்துத்தான் குருசாமி முதலாளியின் ஆர்டர். தாயில்பட்டிப் பக்கம் சின்னதாகப் பட்டாசு கம்பெனி வைத்திருப்பவர். நம் ஊர் வெடிக்கடைக்காரர் வழியாக, நான் கோயில் திருவிழாவுக்குச் செய்த போர்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "சிவகாசியில வரையத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு இருக்கான். ஆனா எல்லாப் பயலும் புலி, சிங்கம், கழுகுதான் போடுதான். நீங்க கடக்கரைக்காரக. எனக்குத் திருக்கை வேணும், நண்டு வேணும், சுறா வேணும். இந்த சீசன்ல நம்ம பெட்டி தனியாத் தெரியணும்" என்றார்.

வரைந்தேன். எப்படி வரைந்தேன் என்று நீங்களே பார்த்தீர்கள். திருக்கையின் வாலுக்கே ஒரு வாரம். எல்லாம் அந்தப் போனுக்குள். முதலாளி ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். "நான் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரஸ்ஸுக்கும் காட்டிராதீக. எவன் கம்ப்யூட்டர்லயும் ஏத்திராதீக. சாயங்காலம் ஏத்துனா காலையில பக்கத்துக் கம்பெனிப் பெட்டியில வந்துரும்." முதல் நாள் அவர் பார்ப்பது, மறுநாள் திருத்தங்கல் பிரஸ்ஸில் அதை ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. பிரஸ்ஸுக்குப் போய்விட்டால் படங்கள் பத்திரம். அதுவரை அந்த வீங்கிய முதுகு தாங்க வேண்டும். அதுதான் என் பயம். புறப்படும்போது அவ்வளவுதான் பயம்.

விருதுநகரில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. வெயில் போயும் வெக்கை போகவில்லை. நம் ஊரில் இந்த நேரத்துக்குக் கடல்காற்று சட்டையைத் தூக்கும். இங்கே காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. உங்கள் அம்மா சொல்லி அனுப்பியபடி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தேன். பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து, நொறுக்கி, சால்னாவை ஊற்றுகிறார்கள். அப்பளம்போல நொறுங்குகிறது, அடியில் பஞ்சுபோல இருக்கிறது. அன்பு இருந்தால் நாலு கேட்டிருப்பான். நான் ஒன்றுக்கு மேல் சாப்பிடவில்லை. சட்டைப் பையில் போன் நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பாய், கொத்தமல்லி வியாபாரி. நான் போனை எடுத்துத் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒங்க போனு மாசமா இருக்கு?"

சிரித்தேன்.

"எங்கன போறீக?"

"தாயில்பட்டிக்குங்க."

அவர் கை பரோட்டாவிலேயே நின்றது. "இதத் தூக்கிக்கிட்டா? தம்பி, அந்தப் பக்கம் பீடிய வாயில வச்சுக்கிட்டுப் போனாக்கூட மடக்கி அடிப்பாக."

"வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்களாம் பாய். உள்ள கொண்டு போக மாட்டேன்."

"வாசல்னா என்ன, அது வேற ஊரா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடுங்க. சால்னா ஆறுது" என்றார்.

வாசல் வேற ஊரா என்ற அந்த ஒரு வார்த்தை லாட்ஜ் வரைக்கும் என்னோடு வந்தது. அன்று போனைச் சார்ஜில் போடவில்லை. அணைத்து, கைக்குட்டையில் சுற்றி, குளியலறைத் தரையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு கம்ப்யூட்டரைக் குளியலறையில் பூட்டி வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலைப் பஸ். ஆமத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் நிலம், கருவேல முள். நடுநடுவே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஏன் இப்படிச் சிதறிக் கட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்துச் சீட்டுப் பெண்ணைக் கேட்டேன். மடியில் தூக்குவாளியோடு வேலைக்குப் போகிறவள். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கணும்லா" என்றாள், மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

கொஞ்ச தூரத்தில் ஒருத்தர் ஜன்னல் வழியாகக் கை நீட்டினார். வயல்களுக்கு அப்பால் புகை. தடிமனாக, நேராக, மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் அதுவரை சந்தைபோல் இரைச்சல். ஒரு பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பாட்டை நிறுத்தினார்.  பெண்கள் எல்லாரும் முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்தார்கள். "எங்க இருக்கே? சரி. வையி." "கம்பெனிக்குப் போயிட்டியா? இல்லையா? சரி." இவ்வளவுதான் பேச்சு. பக்கத்துச் சீட்டுப் பெண்ணுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். புயல் நாளில் படகு திரும்பாதபோது நம் கரையில் நிற்கும் பெண்களின் முகம் அது. நாம் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவோம், இவர்கள் வானத்தைப் பார்த்து. முகம் ஒன்றுதான்.

கண்டக்டர் படிக்கட்டில் தொங்கி எட்டிப் பார்த்துவிட்டு, "கரி மூட்டம் போட்டிருக்கான் ஆத்தா. முள்ளுக் கரி. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கத்தினார். ஒரே நேரத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். "அந்தக் கரிமூட்டக்காரன் வெளங்குவானா!" என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். பாட்டு மறுபடி ஓடியது. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் போனில் ஆள் கிடைத்தது. "போனை எடுக்கறதுக்கு என்ன ராசா ஒனக்கு நோவு?" என்று வைதுகொண்டே அழுதாள்.

என் பைக்குள் இருந்ததை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குருசாமி முதலாளி வாசலிலேயே நின்றார். குள்ளமான ஆள், வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. "வாங்க வாங்க, சாப்பிட்டீகளா? மொதல்ல சரக்கு உருவாகறதப் பாருங்க. அப்புறம் வெளிய ஆபீஸ் ரூம்ல ஒக்காந்து ஒங்க மீனெல்லாம் பாப்போம்."

வாசலில் காவலுக்கு இருந்தவர் மாடசாமி. முதலாளியே ஆனாலும் அவரிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தகரப் பெட்டி ஒன்று. வேலைக்கு வந்தவர்களின் போன்கள் எல்லாம் அதில் கிடந்தன. என் பாலியெஸ்டர் சட்டையையும் கழற்றச் சொன்னார். "இது ஒரசுனா பொறி பறக்கும். பருத்தித் துண்டு தாரேன், போத்திக்கிடுங்க." செருப்பையும் விட்டேன். பனியனும் துண்டுமாக நின்றபோது முதலாளி, "இப்பத்தான் மாப்பிள மாதிரி இருக்கீக" என்றார்.

போனைக் கைக்குட்டையோடு கொடுத்தேன். மாடசாமி அதைப் பெட்டியின் ஓரத்தில் செருகினார். அப்போது ஒரு லோடு வண்டி உள்ளே நுழைந்தது. டிரைவரும் லோடுமேன்களும் தங்கள் போன்களை அதன்மேல் போட்டார்கள். பெட்டியைச் சாத்த முடியவில்லை. மாடசாமி முழங்காலை மூடிமேல் வைத்து அழுத்தி, நாதாங்கியை மாட்டிப் பூட்டினார்.

அந்த முழங்கால் என் வயிற்றில் அழுந்தியதுபோல இருந்தது. படம் போய்விடுமோ என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை. உள்ளே நடந்தேன்.

ஒவ்வொரு அறை வாசலிலும் செம்புத் தகடு ஒன்று பதித்திருந்தது. அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். நாம் கோயில் படியைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். பெட்டி அடுக்கும் அறையில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. கை தானாக ஓடுகிறது, வாய் தனியாக ஓடுகிறது.

"கடக்கரைக்காரகளாம்ல? ரெண்டு மீனு கொண்டாந்தா என்ன, வெறுங்கையோடயா வருவாக?"

"படத்துல கொண்டு வந்திருக்கேம்மா."

"படத்து மீன வச்சுக் கொழம்பு வைக்கச் சொல்லுங்க ஒங்க வீட்டுல!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் தலையில் ஒரு கொண்டை ஊசிகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கேட்டேன். "கீழ விழுந்து உரசிட்டா?" என்றாள். "இந்த வெடிமருந்துக்குப் பெரிய நெருப்பெல்லாம் வேண்டாம்ணே. சின்னச் சூடு போதும். அதுக்குத்தான் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில போட்டுருதாக. அதுவும் அந்தத் தகரப் பெட்டி வெயில்ல காஞ்சு, சாயங்காலம் போனை எடுத்துக் காதுல வச்சா கன்னம் பொள்ளிரும்."

 வெயில். தகரம். மேலே அத்தனை போன்களின் பாரம். முழங்கால். உள்ளே வீங்கியிருக்கும் பேட்டரி.

வாசல் பக்கம் திரும்பினேன். சரக்கு ஏற்றிய அந்த வண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. போகிற வண்டி எங்கே நிற்கும்? டிரைவர் தன் போனை வாங்க வேண்டுமே. பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு வண்டியும், ஒவ்வொரு நாளும் அங்கேதான் நிற்கிறது.

மலரு, சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் நின்றால், ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றும் தெரியும்.  எதிரே பேச்சியம்மாள் இன்னும் மீன் குழம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"முதலாளி" என்றேன். "என் போன் பேட்டரி வீங்கியிருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. சிரிப்பு அப்படியே முகத்திலிருந்து இறங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசினார். அவ்வளவுதான். பெண்கள் கையிலிருந்ததைத் தரையில் மெதுவாக வைத்தார்கள். எழுந்தார்கள். ஒருத்தியும் அலறவில்லை, ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. நான்கு பக்கக் கதவு வழியாகவும் பொட்டலைப் பார்த்து ஓடினார்கள். வெறுங்கால்கள் மண்ணில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

முதலாளி வாசலைப் பார்த்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வண்டி நின்றிருந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, வண்டிய எடுலே!"

"மொதலாளி, என் போனு…"

"போனு கெடக்கட்டும்லே! எடுலேங்கேன்! ரோட்டுல ஏத்திட்டு நிக்காமப் போலே!"

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மாடசாமி பூட்டைத் திறந்தார். "தள்ளுங்க, நான் எடுக்கேன்" என்று குனிந்தார். "என்னோடது, நானே எடுக்கறேன்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. அவர் கையில் அது வெடிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓரத்தில் கை விட்டேன். கைக்குட்டை வெந்நீரில் நனைத்ததுபோலச் சுட்டது. முதுகு ஒரு பக்கம் பிளந்து, மட்டி வாய் திறந்ததுபோல இருந்தது. இனிப்பாக ஒரு வாடை வந்தது. மாடசாமி சுவரில் மாட்டியிருந்த மணல் வாளி இரண்டைக் கழற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கையை உடம்பிலிருந்து நீட்டிப் பிடித்தபடி பெண்கள் ஓடாத பக்கமாகப் பொட்டல் நடுவுக்குப் போனேன். அவ்வளவு தூரம் அதற்கு முன் நான் நடந்ததில்லை என்று தோன்றியது. அன்பு அதைச் சுற்றிவிட்டு விளையாடிய மேஜைதான் கண்ணுக்குள் வந்து வந்து போனது. மாடசாமி ஒரு வாளியைக் கீழே வைத்து, அதிலிருந்த மணலில் குழி பறித்துக் காட்டினார். வைத்தேன். இரண்டு பேருமாக மணலைத் தள்ளி மூடிவிட்டுப் பின்னால் வந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. வாளி அங்கே தனியாக நின்றது. நேரம் போகப் போகத் தூரத்திலிருந்த பெண்களிடம் பேச்சு எழுந்தது. "என்னத்தப் பொதைச்சிருக்காக? மீனு பொரிக்கிறாகளோ?" என்று பேச்சியம்மாளின் குரல். யாரோ சிரித்தார்கள். வண்டியோடு போகாமல் நின்றுவிட்ட லோடுமேன் ஒருத்தர், "இதுக்கா இம்புட்டு ஓட்டம்?" என்றார். எனக்கும் வெட்கம் வந்தது. இனிப் போய் எடுத்துவிடலாமோ, திருக்கை இன்னும் உயிரோடு இருக்குமோ என்று ஒரு அடிகூட எடுத்து வைத்தேன்.

அப்போது மணல் மேலே எழும்பியது. சோறு பொங்குவதுபோல. உஸ்ஸென்று சீறல். வெள்ளைப் புகை மணலைப் பிய்த்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே ஒரு நாக்கு அளவு நெருப்பு. மாடசாமி கையிலிருந்த இன்னொரு வாளி மணலைத் தூரத்திலிருந்தே எறிந்தார். புகை நின்று, மறுபடி வந்து, பிறகு நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெட்டியில் அவள் போனும் இருந்தது. வண்டி நின்ற இடத்தின் டயர்த் தடம் பெட்டியை ஒட்டிக் கிடந்தது.

முதலாளி அந்தத் தடத்தருகே போய் நின்றார். பிறகு மாடசாமியிடம், "நாளையிலயிருந்து வண்டி ரோட்டுலதான் நிக்கணும். போனை நீயே கொண்டு போய்க் குடு. அந்தப் பெட்டிய அந்தா அந்த மரத்தடிக்கு மாத்து" என்றார். என் பக்கம் திரும்பினார். "படமெல்லாம்?"

வாளியைக் காட்டினேன்.

"வேற எங்கயும் இல்லையா?"

"நீங்கதானே எதுலயும் ஏத்தக் கூடாதுன்னீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நாந்தான் சொன்னேன்" என்றார். "ஊருக்குப் போங்க. ஆர்டரப் பத்தி இப்ப என்கிட்டக் கேக்காதீக. இப்ப கேட்டா வேண்டாம்னுதான் வாயில வரும்."

பேச்சியம்மாள் தன் போனை எடுத்து நீட்டினாள். "வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. பிள்ளைக தேடும்." வாங்கினேன். கட்டைவிரலை எண்கள் மேல் வைத்தேன். உங்கள் அம்மாவின் நம்பர் எனக்குத் தெரியவில்லை. முதல் எண்கூட வரவில்லை. அதையும் நான் அந்தப் போனுக்குள்தான் வைத்திருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதலாளிதான் நம் ஊர் வெடிக்கடைக்காரரை அழைத்து, ஆள் நன்றாக இருக்கிறார் என்று வீட்டில் சொல்லச் சொன்னார். உங்களுக்கு வந்த சேதி அதுதான்.

அன்றைக்கு வேலை அதோடு நின்றது. பெண்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்கள். முதலாளி பைக்கில் கிளம்பினார். மாடசாமி தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்து நடந்தார். எனக்குப் பஸ் வர நேரம் இருந்தது.

பொட்டலுக்குப் போனேன். வாளி ஆறியிருந்தது. குச்சியால் கிளறி, கருகிக் கட்டியாக ஒட்டிக்கிடந்ததை எடுத்துத் தள்ளிப் போட்டேன். கருத்த மணலையும் அங்கேயே கொட்டினேன். வாசலுக்குப் பின்னால் மணல் குவித்திருந்தார்கள். கையால் அள்ளி அள்ளி, கல்லைப் பொறுக்கிப் போட்டு, மாடசாமி வீசிக் காலியான வாளியையும் சேர்த்து இரண்டையும் நிரப்பினேன். மேலே தட்டி மட்டம் செய்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், சுவரில் காலியாக இருந்த இரண்டு கொக்கிகளிலும் மாட்டினேன்.